இரண்டு பக்கமும் கேட்ட குரல்

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் அன்வர் பாஷாவின் மெத்தைக் கடை இருக்கிறது. முன்னால் கடை, நடுவில் பஞ்சும் ஃபோமும் அடுக்கிய குடோன், அதற்கும் பின்னால் இரண்டு அறையும் சமையல்கட்டுமாக வீடு. குடோனுக்கும் வீட்டுக்கும் இடையில், முன்பு கிழிந்த மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த அறையில்தான் அவர் மகள் ஹீனா வேலை செய்தாள். சுவரிலும் கூரையிலும் கடையில் மிஞ்சிய ஃபோம் துண்டுகளை அவளே ஒட்டியிருந்தாள். கதவைச் சாத்தினால் தன் மூச்சே பெரிதாகக் கேட்கும். சாலையில் போகிற லாரிகளின் அடிக்குரல் மட்டும் எப்படியோ தரை வழியாக உள்ளே வந்துவிடும். அதனால் பகலில் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஹெட்போனில்தான் அவள் கேட்பாள்.

ஹீனாவுக்கு முப்பத்துநான்கு வயது. பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருடம் இருந்தாள். கொரோனா நேரத்தில் அந்த ஸ்டுடியோவை மூடினார்கள். பெட்டியோடு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் அம்மா ஷரீபுன்னிசா இறந்துபோனாள். அதன்பிறகு போவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அவள் செய்த வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். எலெக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள் பாட்டை முடித்து அவளுக்கு அனுப்புவார்கள். வெளியே போவதற்கு முன்னால் அதைக் கடைசியாகக் கேட்டு, ஏற்ற இறக்கங்களைச் சரிசெய்து, குறை இருந்தால் சொல்லி அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. இதை அன்வர் பாஷாவால் யாருக்கும் விளக்க முடியவில்லை. ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு என்ன வேலை செய்கிறது என்று கேட்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல பாட்டு கேக்குதுங்க" என்றார் அவர்.

"அதான் எல்லாப் பொண்ணுங்களும் கேக்குதுங்களே" என்றாள் வந்த அம்மாள். டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடம் வந்தது. பின்பு வருவது நின்றுவிட்டது.

வார்சாவில் ஒருவன், கொச்சியில் இரண்டு பேர், சாவ் பாலோவில் ஒரு பெண், பெங்களூரில் நாலைந்து பேர் என்று அவளுக்குப் பாட்டு அனுப்பினார்கள். ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. பாதிப் பேர் அவளை ஆண் என்று நினைத்து 'ப்ரோ' என்று எழுதினார்கள். அவளும் திருத்தவில்லை. வார்சாக்காரனின் பாட்டுகளை மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு, அவன் அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் ஓடுவது அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அவன் நாற்காலி கிறீச்சிடுவது தெரியும். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது தெரியாது.

வீட்டில் பேச்சு குறைவு. காலையில் அப்பா கடைக்குப் போகும்போது உருதுவில் நாலு வார்த்தை, மதியம் சாப்பாட்டுக்கு இரண்டு வார்த்தை. சில நாட்களில் சாயங்காலம் கடைக்கு வந்த யாருக்காவது பதில் சொல்ல வாய் திறக்கும்போதுதான், காலையிலிருந்து பேசவே இல்லை என்பது தொண்டைக்குத் தெரியும்.

மாதேஸ்வரன் அவளுக்கு எழுதியது போன தை மாதம். சித்தேரி மலையில் பிறந்தவன். ஓசூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாலு பேர் தங்கும் அறையில், பழைய லேப்டாப்பில், மற்றவர்கள் தூங்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு செய்கிறவன். தருமபுரி ஜில்லாவிலேயே மாஸ்டரிங் செய்ய ஆள் இருக்கிறது என்று யாரோ சொல்ல, நம்பாமல்தான் போன் செய்தான்.

"சாரைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

"நான்தாங்க."

"மன்னிச்சுக்குங்க மேடம். நம்மூருப் பொண்ணுங்க இது செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவன் அனுப்பிய பாட்டுக்குச் 'சாமை' என்று பெயர் வைத்திருந்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவனுடைய அக்கா நஞ்சம்மாள் சாமை புடைத்துக்கொண்டே தன்போக்கில் பாடியதைப் போனில் பதிவு செய்திருக்கிறான். அந்தக் குரலுக்குக் கீழே கனமான தாளமும், அடிவயிற்றில் இடிக்கிற பேஸும், கீச்சென்று சுழலும் சிந்த் என்ற மின்னணு ஒலியும் சேர்த்திருந்தான். போனில் பதிந்த குரல் ஒல்லியாக இருந்ததால், அதை அகலமாக்க இலவசமாகக் கிடைத்த ஒரு பிளக்இன்னை, ஒலியை மாற்றுகிற குட்டி மென்பொருளை, போட்டிருந்தான். இதெல்லாம் ஹீனாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அவள் கையில் இருந்தது முடிந்த பாட்டு மட்டும்.

அந்த வாரம் அன்வர் பாஷாவுக்குக் கண்ணில் புரை நீக்கும் ஆபரேஷன். மூன்று நாள் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துவிட்டு, நான்காம் நாள் மத்தியானம் அப்பா தூங்கிய பிறகு அவள் ஹெட்போனை எடுத்து மாட்டினாள். நாற்பதாவது நொடியில் நஞ்சம்மாளின் குரல் வந்தது.

வழக்கமாகப் பாடுகிறவர்களின் குரல் ஹெட்போனில் நெற்றிக்கு நடுவில் நிற்கும். இந்தக் குரல் அப்படி நிற்கவில்லை. இரண்டு காதுக்கும் பக்கத்தில், தோளைத் தொட்டுக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. நடுவில் யாரும் இல்லை. ஹீனா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா போன பிறகு அத்தனை பக்கத்தில் யாரும் அவளோடு உட்கார்ந்ததில்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு முறை கேட்டாள்.

அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இடது பக்கம் ஒலி முன்னே தள்ளுகிற அதே நொடியில் வலது பக்கம் பின்னே இழுத்தால், குரல் அப்படித்தான் காதோரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஹெட்போனில் அகலமாக, அழகாகக்கூட இருக்கும். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே ஸ்பீக்கருக்குள் கலந்துவிட்டால், தள்ளுவதும் இழுப்பதும் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் இருந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. இதைக் கண்டுபிடிக்கத் திரையில் ஒரு மீட்டர் உண்டு. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் முள் வலது ஓரத்துக்குப் போகும், எதிர்த்து நின்றால் இடது ஓரத்துக்குச் சாயும். 'சாமை'யில் தாளமும் பேஸும் நடுவில் அத்தனை பலமாக இருந்ததால், குரல் வரும்போது முள் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்துவிட்டுத் திரும்ப வந்துவிட்டது. அது ஏன் நகர்ந்தது என்று பார்த்திருக்க வேண்டும். அதைவிட எளிதான வழியும் இருந்தது. மோனோ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிக் கேட்கும். டீக்கடை ரேடியோவிலும், பஸ்ஸிலும், விசேஷ வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும், மலிவான போனிலும் பாட்டு எப்படிக் கேட்கும் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். எந்தப் பாட்டையும் அந்தப் பொத்தானை அழுத்திக் கேட்காமல் அவள் அனுப்பியதில்லை.

இந்தப் பாட்டுக்கு அவள் அழுத்தவில்லை. சரிபார்க்க வேண்டியவற்றை எழுதிய தாளில் மோனோவுக்கு நேராக ஒரு டிக் போட்டாள். அலைச்சல் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று பின்னால் அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ள முயன்றபோது முடியவில்லை. அந்தக் குரல் அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தாள். அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக்கூட வைத்தாள்.

மாதேஸ்வரனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பாட்டு இணையத்தில் வெளியே வந்தது. இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி. 'எங்கக்கா போன்ல போட்டுக் கேட்டுச்சாம் மேடம். என் கொரலையே காணோம்னு சொல்லுது' என்று எழுதி, சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருந்தான்.

ஹீனா அப்போது வார்சாக்காரனின் பாட்டில் இருந்தாள். 'போன் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்காதுங்க. நல்ல ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்க' என்று பதில் போட்டாள். பேஸ் கேட்கவில்லை என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவள் போடுகிற பதில்தான் அது. விரல் தானாகவே எழுதிவிட்டது.

வைகாசியில் மாதேஸ்வரன் மறுபடி கூப்பிட்டான். மலையில் அவன் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்களாம்.

"நீங்க கண்டிப்பா வரணுங்க மேடம். அன்னிக்கு மைக் செட்ல நம்ம பாட்டைப் போடுறோம். அக்கா ஊரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்குது."

பாட்டு அனுப்பியவர்களில் ஒருவர்கூட இதுவரை அவளை எங்கேயும் கூப்பிட்டதில்லை. போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் கடையிலிருந்து இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளை எடுத்துப் புது உறை போட்டுக் கொடுத்தார். யார் வீடு, என்ன பழக்கம் என்று கேட்கவில்லை. மகள் ஒரு விசேஷத்துக்குக் கிளம்புகிறாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

தருமபுரி போய், அரூர் பஸ் பிடித்து, அங்கிருந்து சித்தேரி பஸ்ஸில் ஏறினாள். மலைப்பாதையில் பஸ் திரும்பத் திரும்பக் காது அடைத்துத் திறந்தது. தலையணைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் எந்த வீட்டுக்கு என்று கேட்டார். மாதேஸ்வரன் வீட்டுக்கு என்றாள்.

"சொந்தமா?"

"இல்லைங்க. வேலைப் பழக்கம்."

"கம்பெனியிலயா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டாள். விளக்கிச் சொல்ல மலை ஏறி முடிகிற வரைக்கும் நேரம் இருந்தது, ஆனாலும் சொல்லத் தோன்றவில்லை.

வீடு சிறியது. மஞ்சள் சுண்ணாம்பு, நீலக் கதவு, வாசலில் வாழைமரம். அறுபது எழுபது பேர் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மாதேஸ்வரன் ஓடிவந்து தலையணைகளை வாங்கிக்கொண்டான். அவள் நினைத்ததைவிட ஒல்லியாக, சின்னப் பையனாக இருந்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டி, "அதாங்க எங்கக்கா" என்றான்.

நஞ்சம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கரும்பச்சைச் சேலை, தலையில் கனகாம்பரம். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். தன் குரலைக் கேட்கக் காத்திருக்கிற ஆள் எப்படி உட்கார்வாரோ அப்படி, முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஹீனாவுக்கு அவளிடம் போய்ப் பேச வேண்டும் என்றிருந்தது. உங்கள் குரலோடு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பந்தல் கால் ஓரமாக நின்றாள்.

மைக் செட் வைத்திருந்தவர் அரூர் குப்புராஜ். பந்தலின் இரண்டு முனையிலும் ஆளுயரப் பெட்டிகள், புளியமரத்தில் ஒரு குழாய். மாதேஸ்வரனின் லேப்டாப்பிலிருந்து வந்த ஒயர், நுனியில் சிவப்புப் பின், வெள்ளைப் பின் என்று இரண்டாகப் பிரிந்து மிக்சரில் போய்ச் செருகியிருந்தது. இரண்டு பக்கமும் அங்கே ஒன்றாகக் கலந்து, மிக்சரிலிருந்து ஒரே ஆம்ப்ளிஃபையருக்குப் போனது. அதிலிருந்துதான் எல்லாப் பெட்டிக்கும் ஒயர். அதைப் பார்த்தபோதுகூட ஹீனாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. தாளம் இடித்தது. பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள். நாற்பதாவது நொடி வந்தது.

குரல் வரவில்லை.

தாளம் இருந்தது, பேஸ் இருந்தது, சிந்த் சுழன்றது. குரல் இருக்க வேண்டிய இடத்தில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல ஓர் எதிரொலி மட்டும் மெல்லியதாக வந்து போனது. அங்கே கூடியிருந்த அத்தனை பேரிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நஞ்சம்மாள் பாட்டில் இல்லை என்பது மட்டும்.

பெண்கள் நஞ்சம்மாளைப் பார்த்தார்கள். நஞ்சம்மாள் பெட்டியைப் பார்த்தாள். ஒரு நிமிடம் போனது. மாதேஸ்வரன் லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டினான். தாளம்தான் கூடியது.

பின்வரிசையிலிருந்து நஞ்சம்மாளின் புருஷன் ஆண்டி, "என்னம்மா, உம் பாட்டுன்னு ஊரையே கூட்டுன. எங்க காணோம்?" என்றார். சத்தமாகத்தான் சொன்னார், ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. நாலைந்து பேர் சிரித்தார்கள். நஞ்சம்மாளும் லேசாகச் சிரித்தாள். பிறகு எழுந்தாள். காப்பி குடித்த டம்ளர்கள் ஒரு அன்னக்கூடையில் கிடந்தன. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள்.

ஹீனா குப்புராஜிடம் போனாள். அந்தச் சத்தத்தில் கிட்டத்தட்டக் கத்த வேண்டியிருந்தது.

"அண்ணா, அந்தச் சிவப்புப் பின்னைக் கொஞ்சம் புடுங்கிடுறீங்களா?"

"ஏனுங்க, பாட்டு நின்னுரும்."

"நிக்காதுங்க. ஒரு பக்கம் போதும்."

"நீங்க யாருங்க? செட்டுல கைய வெக்காதீங்க."

அவள் வைத்தாள். சிவப்புப் பின்னைப் பிடித்து இழுத்தாள். பெட்டிகளில் டப் என்று ஒரு சத்தம். எதிர்த்து நின்ற பக்கம் போய்விட்டது. அந்த இடத்தில், சொல்லின் நடுவிலிருந்து, நஞ்சம்மாளின் குரல் பந்தல் முழுக்க நிறைந்தது. கொஞ்சம் கரகரப்பான, அவசரமில்லாத குரல். குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். "அட, நஞ்சி கொரலு" என்றாள் ஒருத்தி. மாதேஸ்வரன் வாயைத் திறந்தபடி ஹீனாவைப் பார்த்தான். ஆண்டி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். முன்வரிசையில் நஞ்சம்மாளின் இடம் காலியாக இருந்தது.

மறுபடி முதலிலிருந்து போடுங்கள் என்று ஹீனா சொன்னாள். போட்டார்கள். ஆனால் அதற்குள் இலை போட்டாகிவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ஜனங்கள் எழுந்து பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நஞ்சம்மாளின் குரல் நாற்காலிகளுக்குத்தான் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே நஞ்சம்மாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டு அங்கேயும் நன்றாகக் கேட்டது. அவள் நிமிரவில்லை. ஹீனா பக்கத்தில் போய் உட்கார்ந்து கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள்.

"நீங்க உடுங்க. விருந்தாளி" என்றாள் நஞ்சம்மாள்.

"உங்க கொரலு கேக்குதுங்களா?"

"கேக்குது."

"முன்ன கேக்காம போனதுக்கு நான்தாங்க காரணம்."

அப்போதுதான் நஞ்சம்மாள் அவளைச் சரியாகப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

"ஹீனா. பாட்டைக் கடைசியா செரிபாத்து அனுப்புறவ."

"செரிபாத்தீங்களா?"

ஹீனா கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "பாக்கலைங்க."

நஞ்சம்மாள் இன்னொரு டம்ளரை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கோபமில்லாமல், நடந்ததைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நா மொதல்லயே சொன்னனுங்க. எம் போன்ல காணோம்னு. தம்பி, உனக்குக் காது செரியில்லன்னான். அது பெரிய மிசின்ல போட்டாத்தான் கேக்கும், அந்தம்மாவே சொல்லிட்டாங்கன்னான். எங்க வூட்டுக்காரரு ரெண்டு மூணு மாசமா சிரிக்கிறாரு, உங்கொரலு உனக்கே தெரியலையான்னு. நானும் தெனம் போட்டுப் பாத்தேன். மாடு கட்டுற எடத்துல ஒக்காந்து, காதுல வெச்சு வெச்சுப் பாத்தேன். செரி, நம்ம கொரலு வெளிய இருந்து கேட்டா நமக்கே வெளங்காதாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

அந்தம்மா என்றது தன்னைத்தான் என்று ஹீனாவுக்குப் புரிந்தது. அவளுடைய மூடிய அறை கண்ணில் வந்தது. அங்கே விலையுயர்ந்த ஹெட்போனில் இந்தக் குரலை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அதே நாட்களில் இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மாட்டுக்கொட்டகையில் போனைக் காதில் வைத்துத் தன்னைத் தேடியிருக்கிறாள். தான் செய்யாமல் விட்ட சோதனையை மலையில் ஒருத்தி தினமும் செய்திருக்கிறாள். சரியான பதிலையும் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க சொன்னது எனக்கு வந்துச்சுங்க. நான் பாட்டைத் தெறந்துகூடப் பாக்காம பதில் போட்டுட்டேன். உங்க காது செரியாத்தான் இருக்குது. எங்காதுதான் செரியில்ல."

நஞ்சம்மாள் கடைசி டம்ளரை அலசிக் கொடுத்தாள். பாட்டு முடிந்தது. குப்புராஜ் சாமி பாட்டு போட்டார்.

"சாப்ட்டீங்களா?" என்றாள் நஞ்சம்மாள்.

"இன்னும் இல்லைங்க."

"மூணு மணி பஸ்ஸை உட்டா அப்பறம் செரமம். வாங்க."

கடைசிப் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நஞ்சம்மாள் தன் இலையைக் கவனிக்காமல் ஹீனாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னாள். மன்னித்தாளா என்று ஹீனாவுக்குத் தெரியவில்லை. விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

பஸ் ஏற்ற வந்தபோது மாதேஸ்வரன் சங்கடத்தோடு நின்றான்.

"என்னங்க மேடம் ஆச்சு?"

சொன்னாள். அவன் போட்ட பிளக்இன்னை, தான் அழுத்தாத பொத்தானை, போட்ட டிக்கை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "அந்தப் பிளக்இன்னை எடுத்துட்டு அனுப்புங்க. நாளைக்கே மறுபடி செஞ்சு தரேன். இப்ப வெளிய இருக்கறதை எடுத்துடலாம்."

அவன் தலையாட்டினான்.

அனுப்பினான். குரலை நடுவில் நிறுத்தி அவள் புதிதாகச் செய்தாள். மோனோவில் ஐந்து முறை, தன் போனில் இரண்டு முறை, கடையில் அப்பா வைத்திருந்த பழைய ரேடியோவில் ஒயர் கொடுத்து ஒரு முறை கேட்டாள். எல்லாவற்றிலும் நஞ்சம்மாள் இருந்தாள். ஆனால் ஹெட்போனில் கேட்டபோது அந்தப் பக்கத்துணை போய்விட்டது. குரல் முன்னால் எங்கோ, ஓர் ஆளாக, தனியாக நின்று பாடியது. அவள் அதையே அனுப்பினாள்.

மாதேஸ்வரனின் பதில் மறுநாள் வந்தது. 'இது சின்னதா இருக்குங்க மேடம். பழசுதான் கெத்தா இருக்கு. ரூம்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. மைக் செட்ல யாருங்க கேக்கப் போறாங்க.'

அவள் போன் செய்தாள். "உங்கக்கா கேப்பாங்க."

"அக்காவுக்கு நான் ஹெட்போன் வாங்கித் தரேன் மேடம்."

"அவங்களுக்கு மட்டும் வாங்கித் தருவீங்க. அவங்க ஊருக்கு?"

அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். அதற்குப் பிறகு மூன்று வாரம் செய்தி இல்லை. பழைய பாட்டு அப்படியே வெளியே இருந்தது. அதன் கீழே, மாஸ்டரிங் என்ற இடத்தில் அவள் பெயரும் இருந்தது. ஹீனா ஒவ்வொரு நாள் காலையிலும் அதைத் திறந்து பார்த்தாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வார்சாக்காரனுக்கு நாலு வரி எழுதி அழித்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கடைசிவரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தப்பான மெத்தை போய்விட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுப்போமே, அதுபோல்தானே என்றார். அதுபோல்தான் என்றாள். கொஞ்சம் அதுபோலத்தான் இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை திறந்தபோது பாட்டு மாறியிருந்தது. புதியது. மாதேஸ்வரன் அவளுக்கு ஒன்றும் எழுதவில்லை. அதன்பின் அவன் வெளியிட்ட இரண்டு பாட்டுகளிலும் அவள் பெயர் இல்லை. பாட்டை ஏற்றினால் தானாகவே மாஸ்டரிங் செய்து தரும் வெப்சைட் ஒன்றின் பெயர் இருந்தது. அவள் இரண்டையும் கேட்டாள். மோனோவிலும் கேட்டாள். நன்றாகவே இருந்தன.

சில நாள் கழித்து, மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நஞ்சம்மா பேசுறங்க. சித்தேரி."

"சொல்லுங்கக்கா." அக்கா என்று வந்துவிட்டது.

"இப்ப கேக்குதுங்க. எம் போன்லயே. தம்பிகிட்ட, நீ மாத்துனாத்தான் இனி உம் புதுவூட்ல அடி வெப்பேன்னு சொல்லிட்டேன். மாத்திட்டான். அவன் உங்ககிட்டப் பேசுறானுங்களா?"

"இல்லைங்க."

"எங்கிட்டயும் செரியாப் பேசுறதில்ல. வருவான்."

மறுமுனையில் ஏதோ முறத்தில் புடைக்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேலை செய்கிறாள் போல. ஹீனா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலையா இருக்கீங்களா?" என்றாள் நஞ்சம்மாள்.

"ஆமாங்க. வெளிநாட்டுக்காரன் பாட்டு ஒண்ணு."

"தனியாவா இருக்கீங்க?"

"அப்பா கடையில இருக்காரு."

"அது செரி" என்றாள் நஞ்சம்மாள். இன்னும் கொஞ்ச நேரம் புடைத்தாள். பிறகு, "வெச்சுடறங்க" என்று வைத்தாள். நாலு நிமிடம் பேசியதாகப் போனில் காட்டியது. ஹீனா அந்த எண்ணைப் பெயர் போட்டுப் பதிந்துகொண்டாள்.

ஆடியில் இரண்டு முறை அந்த எண்ணை எடுத்து, கூப்பிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். மூன்றாவது முறை, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எதுவும் யோசிக்காமல் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. பால் கறக்கிற நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவுக்கு டீ போட எழுந்தாள்.